நாற்பத்தொரு வேட்டைகள்

பதினோராவது நாள் காலையிலும் செவலை எதையும் கொல்லவில்லை.

மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வேலி போட்டு வளைத்த மூவாயிரம் ஏக்கர் புல்வெளி அது. உள்ளே நானூறு வெளிமான்கள். அவற்றுக்கு நடுவே, உலகத்திலேயே ஒரே ஒரு ஆசியச் சிவிங்கிப்புலி. ஈரானின் பாலைவனத்தில் அந்த இனத்தின் கடைசி உயிர் போய்ப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு பழைய ஜமீன் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த தோலிலிருந்து மரபணுவைப் படித்து, அதைப் பார்த்து ஆப்பிரிக்கச் சிவிங்கியின் உயிரணு ஒன்றைத் திருத்தி, இன்னொரு ஆப்பிரிக்கச் சிவிங்கியின் வயிற்றில் வைத்துப் பிறக்கச் செய்த குட்டி. செய்தவள் டாக்டர் சுநந்தா. வயது நாற்பத்தேழு. பொன்னூர்ப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்துப் பெண். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டாள், வெங்காயம் தொட மாட்டாள், ஆய்வுக்கூடத்துக் குழாயில்கூட வெள்ளைத் துணி கட்டி வடிகட்டித்தான் தண்ணீர் பிடிப்பாள்.

அந்தக் குட்டியின் நிறத்தைப் பார்த்துச் செவலை என்று பெயர் வைத்தவர் நஞ்சப்பன். பவானிசாகர்க்காரர், பிறந்த நாள் முதல் அதற்குப் பால் புகட்டியவர். கண்காணிப்புக் கோபுரத்தில் சுநந்தாவின் பக்கத்தில் நின்று அவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, மான்குட்டி ஒண்ணு கிட்டக்க வந்து மோந்து பாத்துட்டுப் போகுதுங்க. இது ஏந்திரிக்கக்கூட மாட்டேங்குது. வயிறு முதுகோட ஒட்டிப் போச்சு பாருங்க."

சுநந்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கண்ணின் உள்மூலையில் வெள்ளைச் சவ்வு ஏறியிருந்தது. அரைமணிக்கு ஒரு தரம் எழுந்து குட்டைக்குப் போய்த் தண்ணீர் குடித்தது. சிறுநீரகம் தள்ளாடத் தொடங்குகிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"கதவுச் சாவி எங்கிட்டத்தானுங்க இருக்குது. ஒரு தொடைக்கறியத் தூக்கிப் போட்டுட்டு வந்துரட்டுங்களா? கேமராவுல பட்டா நானே பண்ணினேன்னு சொல்லிக்கறேன். கெழவனுக்குக் கிறுக்குப் புடிச்சுப் போச்சுன்னு விட்டுருவாங்க."

விடுவித்த பிறகு இருபத்தொரு நாள் எந்த மனித உதவியும் கூடாது என்பது திட்டத்தின் விதி. அந்த விதியை எழுதியவர்கள் ஒன்றை நம்பி எழுதினார்கள்: உள்ளே போகும் விலங்குக்கு வேட்டையாடத் தெரியும் என்று.

"வேண்டாம் நஞ்சப்பன்" என்றாள் சுநந்தா.

அந்த ஒரு சொல்லை அவள் பிற்பாடு எத்தனை ஆயிரம் முறை நினைத்துக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

செவலைக்கு வேட்டையாடத் தெரியாது. இது உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். அந்த இரண்டு பேரும்தான் அப்போது கோபுரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

சிவிங்கிக் குட்டிக்குத் தாய்தான் வேட்டையைக் கற்றுத்தர வேண்டும். பெற்றெடுத்த ஆப்பிரிக்கத் தாய் நான்காம் நாள் குட்டியை ஒதுக்கிவிட்டது. அதனால் மனிதர்கள் கற்றுத்தர வேண்டியதாயிற்று. ஆறாம் மாதத்திலிருந்து வாரம் ஒரு ஆட்டை உயிரோடு உள்ளே விடுவது, குட்டி தடுமாறித் தடுமாறிக் கழுத்தைக் கவ்வக் கற்றுக்கொள்வது. நாற்பது வேட்டைக்குக் குறையாமல் ஆனபின் விடுவிப்பது. ஒவ்வொரு வேட்டையையும் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டியவள் சுநந்தா.

முதல் ஆட்டை அவளே கதவைத் திறந்து விட்டாள். வெள்ளாட்டுக் கிடாய். செவலைக்கு ஓடித் தள்ளிவிடத் தெரிந்தது, முடிக்கத் தெரியவில்லை. காலைக் கடித்தது, காதைக் கடித்தது, விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டு மறுபடி பிடித்தது. பதினோரு நிமிடம். அந்தப் பதினோரு நிமிடமும் கிடாய் சுநந்தாவைப் பார்த்தே கத்தியது. கதவைத் திறந்தவள் அவள்தானே, மூடியவளும் அவள்தான். மூன்று நாள் அவளுக்குத் தொண்டையில் ஒரு பருக்கை இறங்கவில்லை.

அடுத்த வாரம் வேறு ஏற்பாடு நடந்தது. கசாப்புக் கடையிலிருந்து வந்த இறைச்சித் துண்டைக் கயிற்றில் கட்டி மோட்டார் வைத்து இழுத்தார்கள். செவலை துரத்தியது, பாய்ந்தது, தின்றது. பயிற்சி மைதானத்தில் காற்றாய்ப் பறந்தது. அன்றைக்குத் திட்டம் அனுப்பிய உயிருள்ள ஆட்டை நஞ்சப்பன் முன் கதவால் கூட்டி வந்து பின் கதவால் ஓட்டிக்கொண்டு போனார். சுநந்தா பதிவேட்டைத் திறந்து "வேட்டை எண் 2" என்று எழுதினாள். எத்தனை நேரம் ஆயிற்று, எந்த இடத்தில் கவ்வியது, எல்லாம் எழுதினாள். பொய் சொல்லத் தெரியாதவள் என்று பெயர் எடுத்தவள் அவள். அப்படிப்பட்டவர்கள் சொல்லும் பொய்யை யாரும் இரண்டாம் தடவை புரட்டிப் பார்ப்பதில்லை.

"ஏனுங்க, செத்த கறின்னாலும் அதுவும் ஒரு ஆடுதானுங்களே?" என்று நஞ்சப்பன் ஒரு நாள் கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார்.

"அது எனக்காகச் செத்தது இல்ல" என்றாள்.

"கடைக்காரனுக்கு அது தெரியுமுங்களா?"

ஏட்டில் நாற்பத்தொரு வேட்டைகள் ஆயின. நஞ்சப்பனின் மச்சினன் தோட்டத்தில் காதில் அரசாங்கச் சீட்டு மாட்டிய நாற்பது ஆடுகள் கொழுகொழுவென்று மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் போய்ப் பார்க்கும்போதெல்லாம் சுநந்தாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. நாற்பது உயிருக்கு அபயம் கொடுத்தோம் என்று நினைத்தாள். அந்த நாற்பதின் கணக்கை நாற்பத்தோராவதாக ஒரு உயிர் பட்டினி கிடந்து தீர்க்கப்போகிறது என்பது, கருவியலில் இரண்டு பட்டம் வாங்கியவளுக்கு உறைக்கவில்லை. உறைக்காமல் பார்த்துக்கொண்டாள் என்பதுதான் சரி.

இத்தனைக்கும் முன்கூட்டியே ஒருத்தி சொல்லியிருந்தாள்.

சுநந்தாவின் தங்கை குமுதா பதினாறு ஆண்டுகளுக்கு முன் துறவு பூண்டு ஆர்யிகை ஆனவள். வெள்ளைச் சேலை, கையில் மயிற்பீலி, ஒரு வேளைச் சோறு, எங்கே போனாலும் வெறுங்காலில் நடை. மூன்று வயது இளையவள்தான். ஆனால் துறவு எடுத்த நாள் முதல் அக்காதான் தங்கையைக் கும்பிட வேண்டும், மாதாஜி என்றுதான் அழைக்க வேண்டும். சின்ன வயதில் தான் தலை வாரிப் பின்னிவிட்ட தங்கை முன்னால் விழுந்து கும்பிட சுநந்தாவுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

திட்டம் தொடங்கிய புதிதில் ஆசி வாங்கப் போயிருந்தாள். "அழிஞ்சுபோன ஜீவனைத் திருப்பிக் கொண்டு வரப்போறோம் மாதாஜி" என்று பெருமையாகச் சொன்னாள்.

"எந்த ஜீவன் அழிஞ்சுபோச்சு?" என்று கேட்டாள் மாதாஜி.

"சிவிங்கிப்புலி."

"அழிஞ்சது உடம்பு. ஜீவன் எங்க அழியும்? அதுங்க எல்லாம் எங்கயோ எறும்பாவும் மரமாவும் மனுஷனாவும் பிறந்து கெடக்குதுங்க. நீ செய்யறது ஒரு காலி வீட்டைக் கட்டிக் கதவைத் திறந்து வெக்கறது. யாராவது ஒரு ஜீவன் அதுக்குள்ள வந்து குடியேறணும். வந்தப்புறம் கொல்லாம ஒரு நாள் இருக்க முடியாது. அப்படிப்பட்ட வீட்டை ஏன் கட்டறே?"

"நாமதானே அழிச்சோம்? வேட்டையாடியும் காட்டை வெட்டியும் மனுஷங்கதானே அழிச்சாங்க? அந்தப் பாவத்தைத் தீர்க்க வேண்டாமா?"

"தீர்க்கணும்தான். ஆனா அது ஒரு மானைப் புடிச்சா, அந்த மானுக்கு யார் பொறுப்புன்னு யோசிச்சியா?"

யோசித்திருந்தாள். அதனால்தான் அந்தப் பின் கதவு.

கோபுரத்தில் "வேண்டாம்" என்று சொன்ன அன்று மாலைக்குள் வேறொரு கூத்து ஆரம்பித்துவிட்டது. புல்வெளிக் கேமராக்கள் எல்லாவற்றையும் நேரலையில் காட்டிக்கொண்டிருந்தன. மான்குட்டி செவலையின் மூக்கருகே வந்து முகர்வதும், செவலை தலையைத் தரையில் சாய்த்துக் கண்ணை மூடுவதும் நாடு முழுக்கப் பரவிற்று. யாரோ அதற்கு வீணை இசை சேர்த்தார்கள். வேறு யாரோ பதிவேட்டை எடுத்துப் போட்டார்கள். நாற்பத்தொரு முறை கொன்ற மிருகம், திறந்த வெளியில் நானூறு மான் நடுவே விட்டதும் கொல்வதை நிறுத்திவிட்டது! சமணர்களுக்கு இது புதுக் கதையல்ல. முற்பிறவியில் சிங்கமாக இருந்து, முனிவர் சொல் கேட்டுக் கொலையை விட்டு, உண்ணாமல் உயிர் துறந்து, பின்னால் தீர்த்தங்கரராகப் பிறந்தவரின் கதையைப் பால் குடிக்கும்போதே கேட்டு வளர்ந்தவர்கள். வந்தவாசியிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் பேருந்துகள் கிளம்பின.

திட்ட இயக்குநர் பூவராகன் தொலைபேசியில் உற்சாகத்தில் குதித்தார். மேற்கொண்டு கருக்களை வைக்க எல்லாச் சமயத்தாரும் அடங்கிய ஓர் அறக்குழுவின் ஒப்புதலுக்காகத் திட்டம் காத்திருந்தது.

"மேடம், சமய அறக்குழுவே ஆடிப்போயிருக்கு! ஏழு பேர் இருக்காங்க, இத்தனை நாளும் எட்டு கருத்து சொல்லிட்டிருந்தாங்க. கடவுள் எடுத்துக்கிட்டதை நீங்க எப்படித் திருப்பித் தரலாம்னு ஒருத்தர், படைப்பைக் காக்கச் சொல்லித்தானே நம்மகிட்ட குடுத்தான்னு ஒருத்தர், கருவுல விளையாடாதீங்கன்னு ஒருத்தர். இன்னைக்கு எல்லாரும் ஒரே மாதிரி பேசறாங்க. ஞாயிற்றுக்கிழமை விழா. உங்களுக்குத்தான் பாராட்டு."

சுநந்தா உண்மையைச் சொல்லாமலே தொலைபேசியை வைத்தாள். பயம் ஒரு பக்கம். உண்மையைச் சொன்னால் திட்டத்தை இழுத்து மூடிவிடுவார்கள். உறைநிலையில் இருக்கும் நான்கு கருக்களை அழித்துவிடுவார்கள். கருவிலும் உயிர் உண்டு என்று நம்புகிறவள் அவள். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இன்னொன்றும் இருந்தது. அன்றிரவு படுத்தபோது அந்தக் காட்சியைத் தன் கைப்பேசியில் அவளே நான்கு முறை போட்டுப் பார்த்தாள். வீணை இசையோடு.

மறுநாள் காலை புஞ்சைப் புளியம்பட்டிக்குப் போனாள். மாதாஜி கர்நாடகத்துக்கு நடைப்பயணம் போகும் வழியில் அங்கே ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டுக் கூடத்தில் தங்கியிருந்தாள். மரப்பலகையில் உட்கார்ந்திருந்தவள் முன்னால் சுநந்தா விழுந்து, "வந்தாமி மாதாஜி" என்றாள். எழுந்திருக்கவில்லை. விழுந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பதினோரு நிமிடம், பின் கதவு, கயிறு, நாற்பது பொய்.

மாதாஜி குறுக்கே பேசாமல் கேட்டாள். "அந்த ஜீவன் இப்ப எப்படி இருக்கு?" என்றாள் கடைசியில்.

"தாங்காது. இன்னும் ரெண்டு நாளைக்குள்ள தின்னா பொழைச்சுக்கும்."

"யாராவது உன்னைப் புடிச்சு வெச்சிருக்காங்களா?"

"சொன்னா நாலு கருவையும் அழிச்சிடுவாங்க மாதாஜி."

"அதுக்காகத்தான் சும்மா இருக்கியா?"

சுநந்தா தரையைப் பார்த்தாள். "இல்ல" என்றாள். "ஒருவேளை நெஜமாவே அது விட்டுடுச்சோன்னு ஒரு ஆசை. நான் செஞ்சது தப்பில்ல, அந்த ஜீவனே அப்படித்தான்னு ஆயிட்டா எவ்வளவு நல்லா இருக்கும்னு."

"விரதம்னா எதிர்ல சோறு இருக்கணும். அது சோறுன்னு தெரியணும். எடுத்துத் தின்னத் தெரியணும். தெரிஞ்சும் வேணாம்னு வெக்கணும். இது ஒண்ணும் தெரியாம கெடக்கறதுக்குப் பேரு பட்டினி. நீ போட்ட பட்டினி."

"அப்ப நான் போய் எறைச்சி போடட்டுமா?"

மாதாஜி மயிற்பீலியை மடியில் வைத்து ஒவ்வொரு இழையாக நீவினாள். கூடத்தில் விசிறி இல்லை. அவள் நெற்றியில் வியர்வை அரும்பி நின்றது.

"செய்யறது, செய்யச் சொல்றது, செஞ்சதுக்குச் சரிங்கறது, மூணும் ஒண்ணுன்னு விரதம் எடுத்தவ நான். போடுன்னு என் வாயில வராது. போடாதேன்னும் சொல்ல மாட்டேன்." பிறகு மிகவும் மெதுவாக, "ஏன் அக்கா என்கிட்ட வந்தே? கேக்காமலே செஞ்சிருக்கலாமே" என்றாள்.

பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வாயிலிருந்து அக்கா என்ற சொல் வந்தது. சுநந்தாவுக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்பட முடியவில்லை. தான் ஏன் வந்தோம் என்று அப்போதுதான் புரிந்தது. நேராகக் கசாப்புக் கடைக்குப் போயிருக்க வேண்டியவள், பாவத்தில் பாதியை வாங்கிக்கொள்ள ஆள் தேடி நாற்பது கிலோமீட்டர் வந்திருக்கிறாள். நஞ்சப்பனிடம் பாதி, கசாப்புக் கடைக்காரனிடம் பாதி, இப்போது தங்கையிடம்.

திரும்பியதும் எல்லாவற்றையும் எழுதி இயக்குநரிடம் கொடுத்தாள். பூவராகன் இரண்டு பக்கத்தையும் படித்தார். கெட்ட மனிதர் இல்லை. படித்து முடித்தபோது அவர் முகம் வெளுத்துத்தான் இருந்தது.

"மேடம், நீங்க ரொம்ப நாளா தூங்கலைன்னு நினைக்கிறேன்" என்றார்.

"நஞ்சப்பனைக் கேளுங்க. நாற்பது ஆடும் இருக்கு, போய்ப் பாருங்க."

"பாக்கறேன். கண்டிப்பா பாக்கறேன். ஞாயிற்றுக்கிழமை முடியட்டும். ரெண்டு அமைச்சர் வராங்க. மூணு நாள்தானே? அதுவரைக்கும் வேலிப் பக்கம் போகாதீங்க, என் மேல சத்தியமா கேட்டுக்கறேன்."

அவள் கேட்டுக்கொண்டாள். இதுதான் கடைசிவரை அவளுக்கு விளங்காத விஷயம். கையைக் கட்டிப் போட்டவர் யாரும் இல்லை. மேலதிகாரி சொன்னார், சரி என்று அறைக்குப் போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். வெள்ளி போயிற்று, சனி போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலியோரம் ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். பந்தல், வாழைமரம், ஒலிபெருக்கியில் மந்திரம். சமணர்கள் மட்டுமில்லை, எல்லாச் சாதிசனமும் வந்திருந்தது. வேலியிலிருந்து நாற்பதடி தூரத்தில் ஒரு வேலமரத்தடியில் செவலை கிடந்தது. மூன்று வெளிமான்கள் அதைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்தன. கூட்டத்தில் பலர் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். சமணச் சமூகத்தின் சார்பில் வந்திருந்த தரணேந்திர நயினார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சுநந்தாவுக்குப் பட்டு போர்த்த எழுந்தார்.

சுநந்தா பட்டை வாங்கவில்லை. ஒலிவாங்கியை வாங்கினாள்.

"செவலை விரதம் இருக்கல" என்றாள். "அதுக்கு வேட்டையாடத் தெரியாது. நான் கத்துக்குடுக்கல. ஏட்டுல இருக்கற நாற்பத்தொண்ணுல நாற்பது பொய். நான் எழுதின பொய். அது பசியில சாகுது. நீங்க எல்லாரும் அதைப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டிருக்கீங்க."

மேடைக்குப் பின்னால் நஞ்சப்பன் ஒரு வாளியோடு நின்றிருந்தார். காலையில் அவளே போய் வாங்கி வந்த ஆட்டிறைச்சி. கடைக்காரன் வெட்டும்போது கண்ணை மூடாமல் பார்த்து வாங்கியது. வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நஞ்சப்பன் கதவைத் திறந்தார். பூவராகன் ஏதோ கத்தினார், காதில் விழவில்லை. மான்கள் ஓடி ஒதுங்கின.

வேலமரத்தடியில் முழங்காலிட்டு இறைச்சித் துண்டை வெறுங்கையில் எடுத்துச் செவலையின் வாயருகே வைத்தாள். வாழ்நாளில் முதல் தடவையாகக் கையுறையில்லாமல் இறைச்சியைத் தொட்டாள். வழவழப்பாக, இன்னும் சற்று வெதுவெதுப்பாக இருந்தது.

செவலை கண்ணைத் திறந்தது. அவளை அடையாளம் தெரிந்து தொண்டைக்குள் லேசாகக் குறுகுறுத்தது. மூக்கை நீட்டி முகர்ந்தது. நாக்கின் நுனி ஒரு தடவை இறைச்சியில் பட்டது.

"தின்னுடி" என்றாள் சுநந்தா. "தின்னுடி கண்ணு. தின்னு."

சிறுநீரகம் செத்த உடம்புக்குச் சோறு குமட்டும். இதை அவள் மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறாள். செவலை தலையை மெல்ல மறுபக்கம் திருப்பிக்கொண்டது.

வேலிக்கு வெளியே முதலில் ஒரு விம்மல் கேட்டது. பிறகு ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் தரையில் விழும் ஓசை கேட்டது. ஒலிபெருக்கியில் தரணேந்திர நயினாரின் குரல் நடுங்கியது:

"பாத்தீங்களா! அம்மா வேணும்னே சோதிச்சுப் பாத்தாங்க. பழியைத் தன் மேல போட்டுக்கிட்டு, கையில எறைச்சியை எடுத்துக்கிட்டுப் போயி, நம்ம கண் முன்னாலயே சோதிச்சாங்க. அது தோக்கல. தொடக்கூட இல்ல!"

"தொட்டுச்சு!" என்று சுநந்தா கத்தினாள். "நாக்கு பட்டுச்சு! தின்ன முடியல அதால!"

நாற்பதடி தூரம். மந்திர ஓசை எழும்பிவிட்டது. யாருக்கும் கேட்கவில்லை. பதினொன்றரை மணிக்குச் செவலையின் மூச்சு நின்றது. அது நிற்கும்வரை சுநந்தா அதன் தலையை மடியில் வைத்திருந்தாள். சந்தனக் கட்டையில் எரித்தார்கள். சாம்பலுக்குத் தள்ளுமுள்ளு நடந்தது.

நஞ்சப்பன் மட்டும் அன்று மாலை அவளிடம் வந்தார். "நானும் நாலு பேருகிட்டச் சொல்லிப் பாத்தேனுங்க. மச்சினன் தோட்டத்துக்கே கூட்டிட்டுப் போயி ஆட்டைக் காட்டினேன். அங்கயும் விழுந்து கும்புடறாங்க, டாக்டரம்மா. செவலை மன்னிச்சு விட்ட ஆடாமா அதுங்க."

சுநந்தா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாள். கைப்பேசியை அணைத்து அலமாரியில் வைத்தாள். ஒரு நாளைக்கு ஒரு வேளை உண்டாள். பிராயச்சித்தம் என்று யாரும் விதிக்கவில்லை, அவளாகவே செய்தாள். அதில் எதுவும் குறையவில்லை. கண்ணை மூடினால் குட்டையில் தண்ணீர் நக்கும் ஓசை கேட்டது. தெருவில் எதிரே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய தண்டனையாக இருந்தது.

ஐந்து வாரம் கழித்துக் கைப்பேசியை எடுத்து உயிர்ப்பித்தாள். அரைமணியில் பூவராகன் அழைத்தார்.

"மேடம்! எத்தனை நாளா முயற்சி பண்றேன் தெரியுமா? அறக்குழுவுல ஏழு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. இந்த உலகத்துலயே முதல் தடவையா எல்லாச் சமயமும் சேந்து ஒப்புதல் குடுத்த திட்டம் நம்முது. ஒரே ஒரு நிபந்தனைதான். இனிமே எந்தக் குட்டிக்கும் உயிரோட இரை விடக் கூடாது. செவலையோட குணம் அப்படியே வரணுமாம். அரசாணையே போட்டாச்சு."

"என் கடிதத்தை அவங்களுக்குக் காட்டினீங்களா?" என்றாள் சுநந்தா.

"காட்டினேன். மறைக்கல. ஏழு பிரதி எடுத்துக் குடுத்தேன். உங்க மேல மரியாதை இன்னும் கூடித்தான் போச்சு."

"சார், கேளுங்க. நான் திரும்பி வரேன். நான் வளக்கறேன். ஆனா ஆறாம் மாசம் ஆட்டை நானே உள்ள விடுவேன். வாரம் ஒண்ணு, நாற்பது ஆனாலும் ஐம்பது ஆனாலும் நானே கதவைத் திறந்து, நின்னு பாப்பேன். அதோட பாவம் முழுசும் எனக்கே இருக்கட்டும். பாதி யாருக்கும் வேணாம்."

"அது இப்ப சட்டப்படி குத்தம் மேடம்."

"அப்ப கருவை வெக்காதீங்க. அப்படியே உறைஞ்சு கெடக்கட்டும். பிறக்க வெச்சுப் பட்டினி போடறதுக்கு அது தேவலாம்."

மறுமுனையில் பூவராகன் சிரித்தார். நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்திருந்தவரின் சிரிப்பு.

"கையெழுத்தான அன்னைக்கே வெச்சாச்சு. நாலு வாரம் ஆச்சு. இன்னைக்குக் காலையிலதான் ஸ்கேன் பாத்தாங்க. நாலும் தங்கிடுச்சு மேடம். வாழ்த்துகள்."

பிறக்க இன்னும் அறுபத்தைந்து நாள். அதன் பிறகு ஆறு மாதம். தான் ஒரு பொய்க்காரி என்று இந்த நாட்டை நம்ப வைக்கச் சுநந்தாவுக்கு இருந்த அவகாசம் அவ்வளவுதான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். எதிரே வந்தவர் ஒதுங்கி நின்று கைகூப்பினார். அவரிடமிருந்தே தொடங்கலாம் என்று நின்று, "நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு பக்தியோடு கேட்கத் தொடங்கினார்.